இரண்டாவதாகச் சொல்ல வேண்டிய ஆள்

பெயர் இரண்டு வேண்டுமாம். ஒன்று போதாதாம். செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள், பார்த்தால் மாறிவிடுமா என்ன. கோளாறு வந்தால் முதலில் யாருக்குச் சொல்வது என்ற கட்டத்தில் அவள் பெயரும் செல் நம்பரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: பதினைந்து நிமிடத்துக்குள் அவர் பதில் தராவிட்டால் யாருக்கு? அதை வெறுமனே விட்டுவிட்டுச் சேமிக்கச் சொன்னால் சுற்றிலும் சிவப்புக் கோடு கட்டித் திருப்பி அனுப்புகிறது. மூன்று தடவை அமுக்கிவிட்டாள். மணி இரண்டே முக்கால். சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசையோரம் கிடந்தது. வேறு யார் இருக்கிறார்கள், வாசலில் 'கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்' என்று பித்தளை போர்டு மாட்டியிருக்கிறதே தவிர, உள்ளே வந்து பார்த்தால் பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு நாற்காலிதான், நாற்காலியில் இந்த ஒருத்திதான். நூற்பாலையில் நானூறு பேர். இன்றைக்கு எத்தனை கோன் நூல் இறங்கியது, யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த லாரி எந்த ஊருக்கு, எல்லாம் அடுத்த அறையில் குளிரில் நிற்கிற ஐந்து சர்வர்களுக்குள் இருக்கிறது, அந்த ஐந்தையும் பார்த்துக்கொள்வது இவள். நாளைக்கு லீவு வேண்டும் என்று போய் நின்றபோது ஜி.எம். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "லீவா? நீங்களா?" என்றார், நாளைக்கு மில் சங்கு ஊதாது என்று யாரோ வந்து சொன்ன மாதிரி. "சொந்த வேலைங்க சார்." "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. ஆனா அந்த மெஷினுங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களை விட்டா யாருக்கும்மா தெரியும்?" அவர் கேட்டது நியாயம்தான். அதற்குத்தான் இரண்டு நாளாக இந்தக் கண்காணிப்பு ஏற்பாடு. சூடு, ஃபேன், டிஸ்க், கரண்ட், எது கோணினாலும் தானாகவே ஆளுக்குச் செய்தி போய்விடும். ஆள்தான் இல்லை.

முதல் நாள் முழுக்க அந்த ஐந்தையும் ஒரே மாதிரி பேச வைப்பதிலேயே போயிற்று. எல்லாம் ஒரே கம்பெனியில் வாங்கியிருந்தால் தொல்லை இல்லை. இது அப்படியா, இரண்டு ஒரு கம்பெனி, ஒன்று இன்னொரு கம்பெனி, ஒன்றை டவுனில் ஒரு கடைக்காரர் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுத்தார், கடைசி ஒன்று உடுமலை யூனிட்டை மூடினபோது அங்கிருந்து வேனில் வந்திறங்கியது. உடுமலைக்காரன் என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டாள். ஃபேன் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் ஒன்று நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்கிறது, ஒன்று நூற்றுக்கு நாற்பது என்கிறது, கடைக்காரர் கோத்துக் கொடுத்தது 'ஓடுது' என்று மட்டும் சொல்கிறது. அதுவும் ஒரு பதில்தானே. அப்புறம் எல்லை போட வேண்டும். எத்தனை டிகிரி வரைக்கும் பேசாமல் இருப்பது, எத்தனையில் முனகுவது, எத்தனையில் அலறுவது. கீழே வைத்தால் நாள் பூராவும் நொய்நொய் என்று செய்தி வந்துகொண்டே இருக்கும், நாலே நாளில் ஆள் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவான். மேலே வைத்தால் அது வாயைத் திறக்கும்போது உள்ளே கருகியிருக்கும். எழுபது என்று போட்டாள், அடித்தாள், அறுபத்தைந்து போட்டாள். அம்மாவுக்கு எல்லையே கிடையாது. எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லட்டீ. கால் வீங்கியிருக்கேம்மா. ஒண்ணுமில்லட்டீ, நின்னுக்கிட்டே இருந்தேன்லா. மூச்சு வாங்குதேம்மா. ஒண்ணுமில்ல, மாடிப்படி ஏறுனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலும் அதே ஒண்ணுமில்லதான், டிரைவரிடம் வேறு, "மெதுவாப் போ அய்யா, ஒண்ணும் அவசரமில்ல" என்று. அந்த ஆட்டோவிலேயே போய்விட்டாள், இவள் மடியில் தலையை வைத்தபடி, சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னால். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்படியா ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது, ஆனால் அம்மாவைத் திட்டுவதற்கு இவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தைப்பொங்கலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில்தான் கைக்குத் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, கொண்டைக்கடலை அளவு. சோப்பைக் கீழே போட்டுவிட்டு மறுபடி தடவினாள், இருந்தது. கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள், யாரிடம், தன்னிடமேதான். ஐம்பத்தொரு வயதில் கல்யாணமும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் சிங்காநல்லூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறவள் வேறு யாரிடம் சொல்வாள். அப்புறம் மாசி வந்தது, பங்குனி வந்தது, மில்லில் புது மெஷின் இறக்கினார்கள், கட்டியும் அது பாட்டுக்கு இருந்தது. வலித்தால் போகலாம் என்று இருந்தாள். வலிக்கவேயில்லை. வலிக்காததை நம்பக்கூடாதும்மா என்று டாக்டரம்மா சொன்னது போன வாரம் திங்கட்கிழமை. "அஞ்சு மாசம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்ன சொல்வது, சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும், மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அது எப்படிப்பட்ட கட்டி என்று அதற்கப்புறம்தான் தெரியும். கூட ஒரு அட்டெண்டர் கண்டிப்பாக வர வேண்டும், அவர் கையெழுத்துப் போடாமல் தியேட்டருக்குள் ஏற்ற மாட்டார்கள். பாரத்தில் அட்டெண்டர் பெயர் என்றிருந்த இடத்தில் இவள் கை அது பாட்டுக்கு எழுதியது: ஆவுடையம்மாள். உறவு, தாய். நம்பரையும் எழுதிவிட்டாள். முப்பது வருஷமாக எந்தப் பாரத்திலும் அந்த இடத்தில் அந்தப் பேர்தான், விரலுக்கு என்ன தெரியும். அந்த போனை இவள் இன்னும் அணைக்கவில்லை. மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்து, அம்மா படத்துக்குக் கீழே சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் பதிலும் தேவைப்படவில்லை. நேற்றுச் சாயங்காலம் காபி ஆற்றிக்கொண்டிருக்கையில் அது அடித்தது. அம்மா போன பிறகு முதல் தடவையாக, அம்மா ஆசையாக வைத்திருந்த அதே நாதஸ்வரம், கல்யாண வீடு மாதிரி. இவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் யார் பேசுவார்கள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்து போயிற்று. அது அடங்கியதும் இவள் போன் அடித்தது. "மேடம், நீங்க குடுத்த அட்டெண்டர் நம்பர்ல யாருமே எடுக்கலீங்களே. நாளைக்கு நாலு மணிக்குள்ள உறுதி பண்ணணுங்க மேடம், இல்லீன்னா அந்த பெட்டை அடுத்த பேஷண்டுக்குக் குடுத்துருவோம். அப்புறம் டாக்டர் ஊர்ல இல்லீங்க, அடுத்த மாசந்தான்." "கோயிலுக்குப் போயிருப்பாங்க, கூப்பிடச் சொல்றேன்" என்றாள் செண்பகவல்லி. செத்துப்போன அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பியாகிவிட்டது. நல்ல கூத்து.

இப்போதும் இந்த வெள்ளைக் கட்டத்தில் விரல் 'ஆவு' வரைக்கும் போய்விட்டது. சீ என்று கையை எடுத்தாள். சர்வர் சூடாயிருச்சும்மா, வந்து கொஞ்சம் விசிறு. சிரிப்பு வந்தது, சிரித்தாள், ஒற்றை ஆளாகச் சிரிக்கிற சத்தம் தனக்கே பிடிக்காமல் நிறுத்தினாள். அழித்தாள். சங்கரு பேரைப் போடலாம். கூடப் பிறந்த தம்பி, ஓசூரில் இருக்கிறான், ராத்திரி பஸ் ஏறினால் விடிய வந்துவிடுவான். சர்வருக்கில்லை, ஆஸ்பத்திரிக்கு. எதற்கு எந்தப் பேர் என்றே குழம்பிப்போகிறது. சங்கரு வந்தால் அவன் பெண்டாட்டி கோகிலாவும் வருவாள். சொந்த ஊரில் அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று பந்தியெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து அவனிடம் அவள் கேட்டாள்: இனி மதினியை யாருங்க பாத்துக்கிடுவா? அவ்வளவுதான் கேட்டாள். இவள் கதவுக்கு இந்தப் பக்கம் ஈரத்துணியோடு நின்றாள். யாரு என்னைப் பாத்துக்கிடணும், நான் என்ன பச்சப்பிள்ளையா. அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறி வந்தவள்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். கோகிலாவின் அந்த ஒரு கேள்வியை இத்தனை நாளில் எத்தனை விதமாகத்தான் சொல்லிப் பார்க்கவில்லை, குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, தூக்கம் வராதபோது. சலித்துக்கொண்டு கேட்டிருப்பாளோ. இல்லை, கவலைப்பட்டுத்தான் கேட்டிருப்பாளோ. பாவம், கண்ணெல்லாம் சிவந்துதான் இருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கும். இப்போது கூப்பிட்டு, கட்டி வந்திருக்கு, நாளைக்கே வா என்றால், பார்த்தீங்களா அன்னைக்கே கேட்டேன்ல என்று ஆகிவிடாதா. மாட்டேன். செத்தாலும் மாட்டேன். வேறு யார். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், அவர்களோடு குப்பை வண்டி வந்துருச்சா என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. கீழே ஸ்டோர்ஸில் தனபாக்கியம் இருக்கிறாள். பல்லடத்துப் பக்கத்துக்காரி, சளசளவென்று பேசுவாள், எந்த பேரிங் எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், கம்ப்யூட்டரைத் தொடச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். பதினோரு மணி டீக்குத் தினமும் மேலே வந்து எட்டிப்பார்ப்பாள். இன்றைக்கும் வந்தாள். "ஏனுங்க்கா, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்குது?" "ஒண்ணுமில்ல பாக்கியம்." அம்மாவேதான், அச்சு அசல். சரி, இப்போதைக்கு பாக்கியம் பேரைப் போட்டு வைப்போம், பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அவளிடம் சொல்லக்கூட வேண்டாம். போட்டாள். அவளுக்குப் போகிற செய்தி இங்கிலீஷில் இருந்தது. பாக்கியத்துக்கு அது ஆகாது என்று தமிழில் இவளே அடித்தாள்: செண்பகவல்லி பதில் தரவில்லை. உடனே கவனிக்கவும். சேமிக்கச் சொன்னாள். சிவப்புக் கோடு போய்விட்டது.

ஐந்துக்கும் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உடுமலைக்காரனின் பச்சையில் என்னவோ உறுத்தியது. மற்ற நாலுக்கும் நேரே எண்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்க, அதற்கு நேரே சூடும் இல்லை, சுற்றும் இல்லை, பச்சை மட்டும் நின்றது. உள்ளே திறந்து பார்த்தாள். பழைய மெஷின், நாம் போய்க் கேட்டால் சொல்லாது, தனக்கு ஏதாவது ஆனால் தானே கூப்பிட்டுச் சொல்லும் வகை. புகார் வராதவரைக்கும் நலம் என்று இந்த ஏற்பாடு எடுத்துக்கொள்கிறது. அது புகார் சொல்ல வேண்டுமென்றால் முதுகுப்பக்கம் தனியாக ஒரு கேபிள் மாட்டியிருக்க வேண்டும். மாட்டினோமா? வேனில் வந்திறங்கிய அன்றைக்கு அடித்த மழையில், அவசரத்தில், எதை மாட்டினோம் எதை விட்டோம் என்று இப்போது யார் கண்டது. போய்ப் பார்க்கணும். மணி மூன்று பத்து. போன் மேசைமேல் கிடந்தது. நாலு மணிக்குள் ஆஸ்பத்திரிப் பெண் கூப்பிடுவாள். சர்வர் அறையின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே சிக்னல் கிடையாது, எடுத்துக்கொண்டு போனாலும் ஒன்றுதான் வைத்துவிட்டுப் போனாலும் ஒன்றுதான் என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டுப் போனாள். ஒளிந்துகொள்ளத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். தூசி உள்ளே வரக்கூடாதென்று பத்தொன்பது வருஷமாக அவள் போட்ட சட்டம், அவள் ஒருத்தியே கடைப்பிடிப்பது. உள்ளே குளிர், ஐந்தும் சேர்ந்து ஊதுகிற ஓயாத சத்தம், வெளியில் யார் என்ன கத்தினாலும் கேட்காது. இந்தச் சத்தத்துக்குள் வந்து நின்றால் எப்போதும் ஒரு நிம்மதி, நல்லா இருக்கியா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. உடுமலைக்காரனின் முதுகுப்பக்கம் போய்க் குனிந்தாள். நினைத்தபடியேதான், கேபிள் முனை எதிலும் மாட்டாமல் ரப்பர் பேண்டு சுற்றித் தொங்கியது. ஆறு வருஷமாக வாயைக் கட்டி நிறுத்தியிருக்கிறோம். மாட்டினாள். தரையில் கையை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள், எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது, அப்படியே அண்ணாந்து பார்த்தாள். முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம். போன ஆயுதபூஜைக்கு வைத்தது. இந்த மில்லில் ஆயுதபூஜை என்றால் நூற்பு மெஷினிலிருந்து சைக்கிள் பம்ப் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சர்வர்களுக்கு வைப்பது இவள் கை. தண்ணீர் பட்டுவிடக் கூடாதென்று சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொன்றின் நெற்றியிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிடுவாள். வைத்த பொட்டைத் துடைப்பது வழக்கமில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். காய்ந்து வெடித்திருந்த அந்தப் பொட்டின் கீழ்விளிம்பில் இப்போது நூல் கனத்துக்கு ஒரு ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்ததால் தெரிந்தது, நின்று பார்த்தால் தெரியாது. நகத்தால் சுரண்டினாள், சந்தனம் பெயர்ந்து மடியில் விழுந்தது. பொட்டுக்கு அடியில் எச்சரிக்கை லைட். எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக? பக்கத்தில் இருந்த சின்னத் திரையை அதில் இணைத்துப் பார்த்தாள். பூஜை முடிந்த நாலாம் நாள் தேதி வந்தது. எட்டு மாசம். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை எழுதி வைப்பார்கள், ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. ஒன்று செத்து எட்டு மாசமாக இன்னொன்று ஒண்டியாக நானூறு பேர் விவரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அதுவும் நின்றிருந்தால்? பின்னால் வாயைக் கட்டியாயிற்று, ஆனாலும் அது சொல்லாமல் இல்லை, முன்னால் லைட்டைப் போட்டுக்கொண்டு எட்டு மாசமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அதன் மூஞ்சியில் அப்பி வைத்தது நான்தான். நல்லா வெச்சுக்கோ சாமீன்னு கும்பிட்டுக்கிட்டே அப்பினேன். "அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொன்னாள். கை தானாக இடது அக்குளுக்குப் போயிற்று, சேலைக்கு மேலாக அமுக்கிப் பார்த்தது, இருந்தது. பயமாக இருந்தது. அதுதான் விஷயம், ஒன்பது நாளாக இதை ஒரு தடவைகூடத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பயமா இருக்கு, ரொம்பப் பயமா இருக்கு, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது எதிரே ஒரு முகம்கூட இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சத்தத்துக்குள் அழுதால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நன்றாகவே அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து உறை பிரிக்காத டிஸ்க் ஒன்றை எடுத்து, செத்ததை உருவிவிட்டு அதைச் சொருகினாள். மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புதியதின் பச்சை லைட் சிமிட்டத் தொடங்கியது, ஒண்டியாக ஓடியது தன்னிடம் இருந்ததையெல்லாம் அதற்கு எழுத ஆரம்பித்துவிட்டது. மூன்று மணி நேரம் பிடிக்கும். தரையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளை மாட்டிய நிமிஷமே உடுமலைக்காரன் தன் பழைய புகாரை வெளியே மேசைமேல் கிடந்த போனுக்கு அனுப்பிவிட்டதும், பதில் வராமல் பதினைந்து நிமிஷம் எப்போதோ கழிந்துவிட்டதும் அவள் நினைப்பில் இல்லை.

இரும்புக் கதவு படாரென்று திறந்தது. தனபாக்கியம், செருப்புக் காலோடு. ஒரு கையில் அவள் போன், மறு கையில் செண்பகவல்லியின் போன், இரண்டு கையிலும் கிரீஸ், மாடிப்படி ஓடி ஏறியதில் மூச்சு இரைத்தது. தரையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும், "ஐயோ அக்கா!" என்று கத்திக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டிபோட்டாள். "என்னாச்சுங்க்கா? உளுந்துட்டீங்களா? நெஞ்சு வலிக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல பாக்கியம்."

"என்ன ஒண்ணுமில்ல? செண்பகவல்லி பதில் தரவில்லை, உடனே கவனிக்கவும்னு போன்ல வருது. எனக்கு உசுரே இல்ல. போட்டதைப் போட்டபடி ஓடியாறேன்."

"அது சர்வருக்கு. டிஸ்க் போயிருச்சு. நான் எடுக்கலைன்னா உனக்கு வர்ற மாதிரி பேரைப் போட்டு வெச்சேன். உன்கிட்டச் சொல்லல."

பாக்கியம் அவள் முகத்தையே பார்த்தாள். கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தது, மடியெல்லாம் சந்தனத் தூள். "உங்க சீட்டுக்கு ஓடுனனா, உங்க போன் அடிக்குது" என்றாள், குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆஸ்பத்திரிலிருந்து ஒரு புள்ள. நாளைக்கு ஆபரேசனுக்கு உங்ககூட யாரு வர்றாங்கன்னு கேக்குது. இரும்மான்னு சொல்லிட்டு லைன்லயே வெச்சுக்கிட்டு வந்தேன், இதுக்குள்ள நொழைஞ்சதும் கட்டாயிருச்சு." செண்பகவல்லியின் போனை அவள் மடியில் வைத்தாள். "இந்த டப்பாவுக்கு ஒண்ணுன்னா சொல்றதுக்கு என் பேரைப் போட்டு வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பேரைங்க்கா போட்டு வெச்சிருக்கீங்க?"

"எங்கம்மா பேரை."

ஆவுடையம்மாள் போன அன்றைக்கு மில்லிலிருந்து மாலையோடு வந்த நாலு பேரில் பாக்கியமும் ஒருத்தி. மண்டிபோட்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மெஷினும் ஊதிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி செண்பகவல்லி கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "பாக்கியம், எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என் கூட வர்றியா?"

"வர்றனுங்க்கா" என்றாள் பாக்கியம். "ஏழு மணிக்குன்னா ஆறுக்கே கெளம்போணும். எந்திரிங்க முதல்ல, தரை சில்லுனு கெடக்குது."

வெளியே வந்து சன்னலோரம் நின்று செண்பகவல்லி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். மணி மூன்றே முக்கால். அட்டெண்டர் பேர் சொல்லுங்க மேடம் என்றது அதே குரல். "பழைய பேரை அடிச்சிரும்மா. தனபாக்கியம்னு எழுதிக்க." பாக்கியம் கிரீஸ் கையைக் கால்மிதியில் துடைத்துக்கொண்டே தன் நம்பரைச் சொல்ல, செண்பகவல்லி அதைத் திருப்பிச் சொன்னாள்.

"உங்களுக்கு அவங்க என்ன வேணுங்க மேடம்? உறவுன்னு ஒரு கட்டம் இருக்குது, அதை நிரப்பாம விட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

செண்பகவல்லி பாக்கியத்தைப் பார்த்தாள். அவள் காலில் இன்னும் செருப்பு இருந்தது, ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, ஸ்டோர்ஸ் வாசலில் கிடந்ததில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"தகவல் போனா ஓடி வருவாங்கம்மா" என்றாள் செண்பகவல்லி.

அந்தப் பக்கம் அந்தப் பெண் கீபோர்டைத் தட்டினாள். "தங்கச்சின்னு போட்டுக்கறனுங்க மேடம்" என்றாள்.